நேற்றில் ஒரு வரி பாக்கி

அத்தியாயம் பதினேழு

ஹம்முவை அடக்கம் செய்துவிட்டு வந்தவர்களின் காலில் மண் காய்வதற்குள் வாத் ரும்மான் நகராட்சி ஒரு முடிவுக்கு வந்துவிட்டது. தப்பு டிரைவர் மேல்.

மற்ற விஷயங்களில் அந்த நகராட்சி இவ்வளவு வேகம் காட்டியதில்லை. கடைத்தெருவில் ஒரு விளக்கை மாற்ற நான்கு வருடம் எடுத்துக்கொண்ட நகராட்சி அது. மாற்றி முடித்தபோது விளக்குக் கம்பம் திருடு போயிருந்தது.

புதன்கிழமை நடந்தது ஊருக்கே தெரியும். ஊர் வெந்நீர்க் குளியல்கூடத்து அடுப்புக்காரர் ஹம்மு நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விறகின்மேல் சாய்ந்தார். நகராட்சி ஆம்புலன்ஸ் டிரைவர் பூஅஸ்ஸா அவரை ஏற்றிக்கொண்டு, அறுபது கிலோமீட்டர் தள்ளி இருக்கும் மாகாண ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினான். மலைப்பாதையில் பாதி ஏறியதும் டீசல் தீர்ந்து வண்டி நின்றது. வெங்காயம் ஏற்றி வந்த லாரி ஒன்று கயிறு கட்டி இழுத்துக்கொண்டிருக்கும்போதே ஹம்மு போய்விட்டார். அங்கே கூடியிருந்த எல்லோர் கண்ணிலும் தண்ணீர் வந்தது. ஹம்முவுக்காக எவ்வளவு, வெங்காயத்துக்காக எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல யாராலும் முடியவில்லை.

டீசல் எங்கே போனது என்பதும் ஊருக்குத் தெரியும். திருவிழாவில் ஓடப்போகும் குதிரைகளை ஏற்றி வந்த லாரிகளின் வயிற்றுக்குள் போனது.

ஆனால் விசாரணைக்கு வந்திருப்பது டீசல் அல்ல. ஆம்புலன்ஸ் நகர எல்லையைத் தாண்ட வேண்டுமானால் நகராட்சித் தலைவர் கையெழுத்திட்ட பயண உத்தரவு வேண்டும். பூஅஸ்ஸாவிடம் அது இல்லை. ஹம்முவின் நெஞ்சுக்கு இந்த விதி தெரியாது. தெரிந்திருந்தால் தலைவர் ஆபீசில் இருக்கிற நாளாகப் பார்த்து வலித்திருக்கும்.

அவன் கேட்காமல் போகவில்லை. காலை ஒன்பது நாற்பதுக்கு நகராட்சி ஜன்னலில் வந்து நின்று கேட்டான். ஜன்னலுக்கு உள்ளே இருந்தவள் அவனுடைய அக்கா கெல்தூம். பதினோரு வருடமாக அந்த நாற்காலியில் உட்கார்ந்திருப்பவள். தலைவர் ஹாஜி பூஷ்தாவுக்கு அவள்தான் போன் போட்டாள். ஹாஜி குதிரை லாயத்தில் இருந்தார். துணைத் தலைவர்கள் நால்வரும் அவரோடு இருந்தார்கள்.

"கையில கடிவாளம் இருக்கு கெல்தூம். பேனாவ வாயிலயா பிடிக்கிறது? வந்து போடறேன்" என்றார் ஹாஜி.

நாற்பது நிமிடம் பொறுத்துப் பார்த்துவிட்டு பூஅஸ்ஸா கிளம்பிவிட்டான். ஹாஜி மத்தியானத் தொழுகை முடிந்து வந்தார். வந்ததும் முதல் வேலையாக, டிரைவர் வண்டியைத் திருடிக்கொண்டு போய்விட்டதாக ஒரு புகாரில் கையெழுத்துப் போட்டார். அதற்குக் கை காலியாக இருந்தது.

*

வியாழக்கிழமை காலை. வட்ட மேசையைச் சுற்றி நான்கு பேர். நடுவில் சுடச்சுட மடிப்பு ரொட்டி, ஒரு கிண்ணம் ஆலிவ் எண்ணெய். யாரும் கை வைக்கவில்லை.

"மூணு மணிக்கு மாகாணத்திலேருந்து விசாரணை அதிகாரி வர்றாராம். வண்டியத் திருடினேனாம். எவனாவது சைரன் போட்டுக்கிட்டுத் திருடுவானா அக்கா?" என்றான் பூஅஸ்ஸா.

"சைரன் வேலை செஞ்சுதா என்ன?"

"இல்ல. வாயாலதான் போட்டேன்."

கெல்தூமுக்குச் சிரிப்பு வரப் பார்த்தது. தம்பியின் கண்களைப் பார்த்ததும் நின்றுவிட்டது. முந்தின நாள் வழியெல்லாம் வாயால் சைரன் போட்டவனின் தொண்டை கட்டியிருந்தது.

பூஅஸ்ஸாவின் மனைவி ஹனியா தேநீர்க் கெண்டியைக் கொஞ்சம் பலமாகவே வைத்தாள். "உங்க அக்கா கையில நோட்டு இருக்கு. உங்க அப்பா கையில ஓட்டு இருக்கு. இந்த வீட்டுல எம் புருஷன் கையில மட்டும்தான் விலங்கு வரப்போகுது."

ஓட்டு இருந்த கை அதுவரை தாடியைத் தடவிக்கொண்டிருந்தது. மஹ்ஜூப், மரியாதையாகச் சொன்னால் ஸி மஹ்ஜூப், ஏழாவது வட்டத்து நகராட்சி உறுப்பினர். முப்பத்திரண்டு வருடம் பஸ்ஸில் டிக்கெட் பரிசோதகராக இருந்தவர். தன் கல்யாணத்தன்று பெண்வீட்டாரை ஏற்றி வந்த பஸ்ஸில் டிக்கெட் எடுக்காத பெண்ணின் மாமாவைப் பாதிவழியில் இறக்கிவிட்டவர். மாமா நடந்தே வந்து சேர்ந்தபோது மூத்தவள் கெல்தூம் பிறந்து நாற்பது நாள் ஆகியிருந்தது என்பார்கள்.

நகராட்சி பட்ஜெட்டுக்கு ஒன்பது வருடமாக "எதிர்ப்பு" என்று கை தூக்கியவர் அவர். ஒன்பது வருடமும் அந்தக் கையை யாரும் எண்ணக்கூட இல்லை. இந்த வருடம் கதை வேறு. மீன் சந்தைக் கழிப்பறை ஒப்பந்தத்தில் சண்டை போட்டுக்கொண்டு தலைவரின் ஆள் ஒருவர் கட்சி தாவிவிட்டார். இருபத்து மூன்று பேரில் தலைவர் பக்கம் பதினொன்று, எதிர்ப்பக்கம் பன்னிரண்டு. ஒரே ஒரு கை இந்தப் பக்கம் வந்தால் போதும். எந்தக் கை வரும் என்று ஒரு வாரமாக ஹாஜி பூஷ்தா தேடிக்கொண்டிருந்தார்.

மஹ்ஜூப் தொண்டையைச் செருமினார்.

"கெல்தூம். நேத்து வரி காலியா இருக்கா?"

கெல்தூமின் கையிலிருந்த ரொட்டித் துண்டு எண்ணெயில் விழுந்தது. ஒன்பது வருடத்தில் அப்பா அந்தக் கேள்வியைக் கேட்டதே இல்லை.

*

வரி என்றதும் நகராட்சி வசூலிக்கும் வரி என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். அதை வாத் ரும்மானில் யாரும் கட்டுவதில்லை. இது கெல்தூமின் பெரிய நோட்டில் இருக்கும் ஒரு வரி.

நகராட்சியிலிருந்து வெளியே போகும் ஒவ்வொரு காகிதமும் அந்த நோட்டில் எண்ணும் தேதியும் வாங்கிக்கொண்டுதான் போக வேண்டும். கட்டட பர்மிட் ஆனாலும் சரி, பயண உத்தரவு ஆனாலும் சரி, எண் இல்லாவிட்டால் அது வெறும் காகிதம். நோட்டின் ஒவ்வொரு பக்கத்திலும் மாகாண அலுவலக முத்திரை இருக்கும். நடுவில் எதையும் செருக முடியாது, கிழிக்கவும் முடியாது.

செருக முடியாதென்றால் முன்கூட்டியே இடம் விட வேண்டியதுதானே? தினமும் சாயங்காலம் கடைசிக் காகிதத்துக்குப் பிறகு ஒரு எண்ணை மட்டும் எழுதி, எதிரே எதுவும் எழுதாமல் விட்டுவிடுவாள். அந்த நாள் முடிந்த பிறகும் அந்த நாளுக்குள் நுழைய ஒரே கதவு அது. மறுநாளோ மறுமாதமோ தலைவருக்கு வேண்டியவர் யாராவது வந்து அதில் நுழைந்துகொள்வார்.

இந்த வழக்கத்தைத் தொடங்கியவள் கெல்தூமேதான். உதவித்தொகைக்கு விண்ணப்பித்த ஒரு பெண், பஸ் தவறி ஒரு நாள் தாமதமாக வந்து ஜன்னலில் அழுதாள். முந்தின நாள் பக்கத்தின் அடியில் தற்செயலாக ஒரு வரி இடம் இருந்தது. கெல்தூம் அதைக் கொடுத்தாள். அந்தப் பெண் இன்றைக்கு வெளியூரில் பல் டாக்டர். விஷயம் ஹாஜியின் காதுக்குப் போனது. அவர் திட்டவில்லை, பாராட்டினார். "நல்ல மனசும்மா உனக்கு. தினம் ஒண்ணு விட்டு வை" என்றார்.

அதற்குப் பிறகு அந்த வரிகளில் நுழைந்தவர்களில் அழுதவர் யாரும் இல்லை. தீயணைப்பு வண்டியின் ஏணியில் நாரை ஒன்று கூடு கட்டிவிட, வண்டியை எடுக்காமலிருக்க ஒரு காரணம் வேண்டுமென்று ஒருநாள் அந்த நாரைக்கே குடியிருப்பு பர்மிட் கொடுத்தார்கள். ஏழாவது வட்டத்தில் ஒழுங்கான பர்மிட் வைத்திருக்கும் ஒரே குடும்பம் அதுதான்.

"இருக்குப்பா" என்றாள் கெல்தூம். "ரெண்டாயிரத்து நானூத்திப் பதினேழு."

"யாருக்கும் கொடுத்துடாதே. நான் வாங்கிட்டு வர்றேன்."

பூஅஸ்ஸா எழுந்து வந்து அப்பாவின் தலையில் முத்தம் வைத்தான். ஒன்பது வருட வைராக்கியத்தை அப்பா தனக்காக உடைக்கப் போகிறார் என்று அவனுக்குப் புரிந்தது. பயண உத்தரவு மட்டும் புதன்கிழமைத் தேதியில் நோட்டில் ஏறிவிட்டால் அவன் திருடன் அல்ல, வேலையாகப் போன டிரைவர்.

"அப்பா, ஹாஜிகிட்ட நீங்க போய் நிக்கறதுன்னா…"

"ரொட்டி ஆறுது. சாப்பிடு" என்றார் மஹ்ஜூப்.

வாங்கிட்டு வர்றேன் என்றுதான் சொன்னார். எதை என்று சொல்லவில்லை. கேட்கவும் யாருக்கும் தோன்றவில்லை.

*

நகராட்சி வாசலில் கூட்டம் தெருவரை நின்றது.

புதிய நகர வரைபடம் அன்றைக்குக் காலையிலிருந்து அமலுக்கு வந்திருந்தது. அதில் ஏழாவது வட்டத்தின் மூன்று தெருக்களுக்குப் பச்சை வண்ணம் அடித்திருந்தார்கள். பூங்கா வரப்போகிறதாம். புதன்கிழமை வரை பர்மிட் வாங்கிய கட்டடம் நிற்கலாம். வாங்காதது இடிபடும். அந்த மூன்று தெருக்களிலும் பர்மிட் வாங்கி மாடி எழுப்பியவர் எவரும் இல்லை. முதலில் கட்டுவார்கள், பிறகு அபராதம் கட்டுவார்கள், அதற்குப் பிறகு பேரப்பிள்ளைகள் பர்மிட்டைப் பற்றி யோசிப்பார்கள். அதுதான் அங்கே முறை.

கெல்தூமின் அப்பா வீடும் இரண்டாவது பச்சைத் தெருவில்தான் இருந்தது. மூன்று வருடம் முன்பு எழுப்பிய மாடி. அதில் பூஅஸ்ஸாவும் ஹனியாவும் இரண்டு பெண் குழந்தைகளும். கீழே அப்பா. விவாகரத்தாகி வந்து ஆறு வருடமாக, விருந்தாளிக் கூடத்து நீளமான திண்டில் கெல்தூம்.

"லல்லா கெல்தூம், நேத்துத் தேதிக்கு ஒரு நம்பர் போடும்மா. உனக்குப் புண்ணியமாப் போகும்" என்று ஜன்னலுக்குள் ஒரு சேவலை நீட்டினார் செருப்புக்கடைக்காரர்.

"சேவல உள்ள விடாதீங்க மாமா. நம்பர் இல்ல."

"எல்லா நாளும் ஒண்ணு விட்டு வைப்பியாமே?"

"யாரு சொன்னா?"

"யாரு சொல்லல?"

சேவல் மேசைமேல் ஏறி நின்று கூவியது. வரிசையில் நின்ற ஒருத்தி, "அதுக்கும் தெரிஞ்சிருக்கு பாரு" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். கெல்தூம் நோட்டை மூடி அதன்மேல் இரண்டு முழங்கையையும் ஊன்றிக்கொண்டாள். மாடி போனால் போகட்டும், தம்பி முதலில் என்று காலையிலேயே மனதுக்குள் தீர்த்துவிட்டிருந்தாள். அப்பாவும் அப்படியே தீர்த்திருப்பார் என்பதில் அவளுக்குச் சந்தேகமே வரவில்லை.

*

பத்து மணிக்குக் கூடிய நகராட்சி உறுப்பினர் கூட்டத்தில் பட்ஜெட் வாசிக்க ஒரு மணி ஆனது. குறிப்பெடுப்பதற்காகக் கெல்தூம் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தாள்.

திருவிழாக் குதிரைகளுக்கான பார்லி, "பசுமைப் பகுதிகள் பராமரிப்பு" என்ற தலைப்பில் இருந்தது. குதிரை சாப்பிடுவதும் பச்சைதானே என்று கணக்கர் விளக்கினார். வரவேற்புச் செலவு போன வருடத்தைவிட மூன்று மடங்கு. ஆம்புலன்ஸ் எரிபொருள் பாதியாகக் குறைந்திருந்தது.

"ஏன் குறைச்சீங்க?" என்று ஒருவர் கேட்டார்.

"போன வருஷம் ஆஸ்பத்திரி வரைக்கும் போய்ச் சேர்ந்தவங்க கம்மி" என்றார் கணக்கர். அவர் கிண்டல் செய்யவில்லை. அவரிடம் அப்படித்தான் எழுதியிருந்தது.

"ஆதரிக்கிறவங்க கை தூக்குங்க" என்றார் ஹாஜி பூஷ்தா.

பதினோரு கைகள் எழுந்தன. பிறகு ஜன்னலோரத்தில், இஸ்திரி போட்ட சட்டைக் கையோடு பன்னிரண்டாவதாக ஒன்று மெதுவாக எழுந்தது. டிக்கெட் கேட்டு நீட்டிய கை அது.

மஹ்ஜூப்புக்குப் பக்கத்தில் ஒன்பது வருடம் உட்கார்ந்த எதிர்க்கட்சிக்காரர் நாற்காலியை ஒரு சாண் தள்ளிப் போட்டுக்கொண்டார். "எவ்வளவுக்கு ஸி மஹ்ஜூப்?" என்றார், குரலை உயர்த்தாமல், ஆனால் எல்லோருக்கும் கேட்கும்படி.

மஹ்ஜூப் அவர் பக்கம் திரும்பவில்லை. கெல்தூமுக்குத்தான் முகம் எரிந்தது. கூடவே, வெட்கம் கெட்டதாக, ஒரு நிம்மதியும் வந்தது. தம்பி பிழைத்தான்.

*

கூட்டக் குறிப்பில் கையெழுத்து வாங்கத் தலைவர் அறைக்குப் போனாள். கதவு பாதி திறந்திருந்தது. அப்பா அவளுக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருந்தார்.

மேசையில் இரண்டு காகிதங்கள். இரண்டும் தட்டச்சு செய்யப்பட்டு, கையெழுத்தாகி, முத்திரை குத்தி, எண்ணுக்கு மட்டும் இடம் விட்டுத் தயாராக இருந்தன.

"நான் கஞ்சன் இல்ல ஸி மஹ்ஜூப்" என்றார் ஹாஜி, பாதாம் உடைத்துக்கொண்டே. "இது உங்க பையனோட பயண உத்தரவு. டீசல் பழி எம் மேல வரும், வரட்டும், பட்ஜெட் பாஸாயிடுச்சு, தாங்கிக்கிறேன். இது உங்க மாடி பர்மிட். ரெண்டுலயும் கையெழுத்துப் போட்டாச்சு. ஆனா வரி ஒண்ணுதான் இருக்கு, வரைபடம் வருதுன்னு தெரிஞ்சவங்க பழைய நாள் வரியெல்லாம் வாங்கிட்டாங்க. உங்க பொண்ணு ஒண்ணுதானே விட்டு வைக்கிறா?"

மஹ்ஜூப் இரண்டு காகிதங்களையும் தன் பக்கம் இழுத்தார்.

"பரிசோதகர் நீங்க. ஆளு ரெண்டு, டிக்கெட் ஒண்ணு. யாரை இறக்கி விடறீங்க?"

சுவரில் கடிகாரம் ஓடவில்லை, அது எப்போதுமே ஓடாது. ஆகவே அப்பா எவ்வளவு நேரம் யோசித்தார் என்று கெல்தூமால் பிற்பாடு சொல்ல முடியவில்லை. ஹாஜி ஏழு பாதாம் தின்றார்.

அப்பாவின் கை மாடி பர்மிட்டை எடுத்தது. நான்காக மடித்தது.

ஹாஜி பூஷ்தா தலையை உயர்த்தினார். கதவுக்கு வெளியே நின்றவளைப் பார்த்துச் சிரித்தார். பிறகு பயண உத்தரவை எடுத்து, பாதாம் ஓடுகளை அதில் அள்ளிப் பொட்டலமாகச் சுருட்டிக் குப்பையில் போட்டார்.

*

ஜன்னலுக்குத் திரும்பியபோது பூஅஸ்ஸா வந்து நின்றிருந்தான். வெளுத்த சட்டை, வாரிய தலை.

"அப்பா கை தூக்கினாராமே அக்கா! வெளிய காறித் துப்பறாங்க. எனக்காக அவர் பட்ட அவமானத்த நான் எப்படி…" கட்டிய தொண்டை இன்னும் சரியாகவில்லை.

கெல்தூம் பேனா மூடியைத் திறந்தாள், மூடினாள், மறுபடி திறந்தாள்.

மஹ்ஜூப் வந்தார். மகன் குனிந்து கையை முத்தமிட வந்தான். அவர் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டார். மடித்த காகிதத்தை ஜன்னல் வழியாக உள்ளே வைத்தார்.

"நம்பர் போடு."

"இது மாடி பர்மிட்" என்றாள் கெல்தூம்.

பூஅஸ்ஸா அப்பாவைப் பார்த்தான், அக்காவைப் பார்த்தான். "என்னோட உத்தரவு?"

"விசாரணைன்னா ஆறு மாசம் இழுக்கும்" என்றார் மஹ்ஜூப் வேகமாக. வரும் வழியெல்லாம் மனப்பாடம் செய்திருக்க வேண்டும். "ஆறு மாசத்துல அதிகாரி மாறுவான். சஸ்பெண்ட் பண்ணுவாங்க, திரும்பச் சேத்துப்பாங்க. வீடு அப்படியா? திங்கக்கிழமை புல்டோசர் வருது. இடிச்சது இடிச்சதுதான்."

"ஜெயில்ல போட்டா அப்பா?"

"ஜெயிலுக்குப் போனவன் திரும்பி வருவான்டா. மாடி திரும்பி வருமா?"

பூஅஸ்ஸா சிரித்தான். அந்தச் சிரிப்பைக் கேட்டு வரிசையில் இருந்தவர்கள் ஒரு அடி பின்னால் போனார்கள்.

கெல்தூம் நோட்டைத் திறந்தாள். புதன்கிழமைப் பக்கம். 2417. எதிரே வெள்ளையாக ஒரு வரி. பதினோரு வருடமாக யார் யாருக்கோ விட்டு வைத்த வரி. பர்மிட்டை அவள் விரித்துக்கூடப் பார்க்கவில்லை. எழுதத் தொடங்கினாள். வாய்விட்டுப் படித்துக்கொண்டே எழுதினாள்.

"காலை ஒன்பது நாற்பது. ஆம்புலன்ஸ் டிரைவர் பயண உத்தரவு கேட்டார். நோயாளி ஹம்மு. தலைவர் குதிரை லாயத்தில். கையெழுத்து கிடைக்கவில்லை. டீசல் இல்லை. காகிதம் எதுவும் வெளியே போகவில்லை."

கீழே தன் பெயரைக் கையெழுத்திட்டாள். அந்த நோட்டில் பொய்த் தேதிக்குக் கீழே உண்மை எழுதப்பட்டது அதுதான் முதல் தடவை.

"அடிப் பாவி" என்றார் மஹ்ஜூப். "என்னடி பண்ணிட்டே? பிரிச்சுப் பாரு. யார் பேருக்குன்னு பிரிச்சுப் படி."

அவள் பிரித்தாள். முதல் மாடி, குடியிருப்பு. உரிமையாளர் என்ற இடத்தில் மஹ்ஜூப் மகள் கெல்தூம் என்று இருந்தது.

"நான் கண்ண மூடினா உன்ன அந்த வீட்டுல யாரு வச்சிருப்பா?" என்றார் அப்பா. "இவன் பொண்டாட்டி ஒரு வாரம் வச்சிருப்பாளா? ஆறு வருஷமா திண்டுல சுருண்டு கிடக்கிறியே, நான் பாக்கலன்னு நினைச்சியா? அவன் ஆம்பள, எங்க போனாலும் பொழச்சுக்குவான். உனக்குன்னு ஒரு கதவு வேணும்னுதான்டி காலைலயே ஹாஜிகிட்ட சொல்லி உன் பேருக்கு எழுத வச்சு அந்தப் பன்னிரண்டாவது கையத் தூக்கினேன். ஊரு என் மூஞ்சில துப்பினா துப்பட்டும்னுதான் தூக்கினேன்."

கெல்தூமுக்கு எழுத்துகள் மங்கின. மை காயாத அந்த வரியையும் பர்மிட்டையும் மாறி மாறிப் பார்த்தாள். எண் இல்லாத பர்மிட். அவளுடைய கதவு. அதை அவளே இந்த நிமிடம் சாத்தியிருந்தாள்.

"அப்போ மேல இருக்கிற நாங்க?" என்றான் பூஅஸ்ஸா. அப்பாவைக் கேட்கவில்லை, அக்காவைக் கேட்டான்.

"எனக்குத் தெரியாதுடா. சத்தியமா இப்பத்தான் பாக்கறேன்."

"நேத்து வரி காலியா இருக்குன்னு காலைல நம்பரோட சொன்னது யாரு?"

"அது உனக்காகன்னு நினைச்சுடா…"

"நானும் அப்படித்தான் நினைச்சேன்." அவன் குனிந்து பர்மிட்டை அவள் கையிலிருந்து எடுத்தான். அவள் விட்டுவிட்டாள்.

"எழுதியிருக்கிறதப் படி பூஅஸ்ஸா. நீ கேட்டே, தரலன்னு எழுதியிருக்கேன். எம் பேரப் போட்டு எழுதியிருக்கேன். எனக்கு வேலை போகும், தெரிஞ்சுதான் எழுதினேன். படிடா."

அவன் படித்துக்கொண்டிருந்தது பர்மிட்டை.

வரிசை தானாக விலகியது. சாம்பல் நிறக் கோட்டும் தோல்பையுமாக ஒருவர் ஜன்னலுக்கு வந்தார். மணி மூன்று ஆகவில்லை. மாகாண அதிகாரி ஒருவர் நேரத்துக்கு முன்னால் வந்தது வாத் ரும்மான் வரலாற்றில் அன்றைக்குத்தான்.

"புதன்கிழமைப் பக்கம்" என்றார்.

கெல்தூம் நோட்டைத் திருப்பி அவர் பக்கம் வைத்தாள். அவர் மேலிருந்து கீழாக நிதானமாகப் படித்தார். கடைசி வரிக்கு வந்ததும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு இன்னொரு முறை படித்தார். பிறகு ஒரு விரலை அந்த வரியின்மேல் வைத்து மெல்ல இழுத்தார்.

"லாயத்தில்" என்ற சொல் நீளமாக இழுபட்டது. விரல் நுனியைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார். நீலம்.

"புதன்கிழமை எழுதின மை வியாழக்கிழமை மத்தியானம் வரைக்கும் காயாதா?" என்றார், யாரையும் கோபிக்காமல். "இது எப்ப எழுதினது?"

அவர் மஹ்ஜூப்பைப் பார்த்தார். கிழவர் தரையைப் பார்த்தார். அதிகாரி பூஅஸ்ஸா பக்கம் திரும்பினார்.

"நீதானே டிரைவர்? உன்னைப் பத்தித்தான் எழுதியிருக்கு. நேத்து காலைல நீ கேட்டப்போ இந்தம்மா இத எழுதினத நீ பாத்தியா? பாத்தேன்னா சொல்லு, இந்த வரிய நான் ஏத்துக்கிறேன்."

ஒரு சொல் போதும். அந்த ஒரு சொல்லில் அவனும் பிழைப்பான், அவளும் பிழைப்பாள். கெல்தூம் தம்பியின் முகத்தையே பார்த்தாள். சின்ன வயதில் பஸ் டிப்போவில் தொலைந்து போனவனைத் தேடிக் கண்டுபிடித்தபோதும் இதே முகம்தான். அப்போதும் அழாமல், வாயை இறுக்கி மூடிக்கொண்டுதான் நின்றிருந்தான்.

பூஅஸ்ஸா பர்மிட்டை அது மடிந்திருந்த மடிப்புகளிலேயே மறுபடி மடித்தான். வெளுத்த சட்டையின் பைக்குள் வைத்துப் பொத்தான் போட்டுக்கொண்டான்.

"எனக்கு எதுவும் தெரியாதுங்க" என்றான். "நான் வெறும் டிரைவர்."